கடல் எந்தப் பக்கம்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருவராகப் போய்வர

2018 மாசியில்தான் நானும் என் வீட்டுக்காரரும் முதல் தடவையாகச் சென்னை மடிப்பாக்கத்திலிருந்து தனுஷ்கோடி வரை காரில் போனோம். திரும்பி வந்து ஒரு வாரத்துக்கு, பார்க்கிறவர்களிடமெல்லாம் கடலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். பாம்பனில் இப்படி இருந்தது, தொண்டி தாண்டியதும் அப்படி இருந்தது என்று. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த இவர், "அப்படியா? நான் ரோட்டைத்தான் பார்த்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கரண்ட் பில் எவ்வளவு வந்திருக்கிறது என்று சொல்கிற அதே குரல். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

யோசித்துப் பார்த்தால் கணக்கு எளிது. தெற்கே போகும்போது கடல் இடக்கைப் பக்கம். நம் காரில் ஸ்டியரிங் வலக்கைப் பக்கம். பக்கத்தில் இருப்பவருக்குக் கடல், ஓட்டுகிறவருக்கு எதிரே வருகிற பஸ். அதிலும் பெயர்தான் கடற்கரைச் சாலை. பாதி தூரத்துக்குக் கடல் சவுக்குத் தோப்புக்கும் தென்னைக்கும் பின்னால் ஒளிந்தே இருக்கும். எங்காவது நாலைந்து விநாடி எட்டிப் பார்க்கும். அந்த நாலைந்து விநாடியில் ஓட்டுகிறவர் தலையைத் திருப்பினால் வம்பு.

அதற்காகவே ஐம்பத்தொரு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். "இந்த வயசுல எதுக்கும்மா?" என்று இவரே கேட்டார். போன மாசியில் இரண்டாவது தடவை போனபோது ஆளுக்குப் பாதி ஓட்டினோம். கீழே எழுதியிருப்பது இந்த இரண்டு பயணத்திலும் பட்டுத் தெரிந்துகொண்டது.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான் ஓட்டத் தெரியும் என்றால் போன சாலையிலேயே திரும்பி வாருங்கள். வடக்கே வரும்போது கடல் ஓட்டுகிறவர் பக்கம் வந்துவிடும். மதுரை, திருச்சி வழியாக நாலுவழிச் சாலையில் பறந்து வந்துவிடலாம் என்று எல்லோரும் ஆசை காட்டுவார்கள். முதல் தடவை நாங்கள் அப்படித்தான் வந்தோம். ஐந்து நாள் ஓட்டிய மனிதருக்குக் கடைசியில் கிடைத்தது லாரிகளின் முதுகு.

எப்போது கிளம்புவது

மாசியை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையில்தான் கொட்டும். புயல் வந்தாலும் இங்கேதான். மார்கழி, தையில் டெல்டாப் பக்கம் விடியற்காலையில் பனி இறங்கி எதிரே வருகிற வண்டி தெரியாது. சித்திரை வெயில் ஆளைச் சுருட்டிவிடும். அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். எங்களைப் போல மீனுக்காகவே கடற்கரைக்குப் போகிறவர்கள் அந்த 61 நாளைத் தள்ளிவைப்பது நல்லது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அப்போது நாகப்பட்டினம் பக்கம் அறை தேடுவது வீண் அலைச்சல்.

தூரம் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்விடலாம் என்று போன் சொல்லும். போகலாம்தான், ஆனால் பார்க்க முடியாது. எங்கள் கணக்கு ஒரு நாளைக்கு 150. நாலாம் நாள் மட்டும் 200-ஐத் தாண்டும்.

வெயில்

வெயிலும் ஆள் பார்த்து அடிக்கும். காலையில் தெற்கே போனால் இடப்பக்கம் இருப்பவர் மேல், மதியத்துக்கு மேல் ஓட்டுகிறவர் மேல். முதல் பயணத்தில் என் இடக்கை முழங்கை வரை கறுத்துப்போனது, இவருடைய வலக்கை கறுத்துப்போனது. இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரே ஆளின் ஜோடிக்கை மாதிரி இருந்தது.

முதலில் ஈரிழைத் துண்டை நனைத்துக் கண்ணாடி இடுக்கில் செருகிப் பார்த்தேன். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் இடப்பக்கத்து வெளிக்கண்ணாடி இவருக்கு மறைந்துவிட்டது. கடலூரில் பைக்கில் வந்த ஒருவர் நூலிழையில் தப்பினார், எங்களைத் திட்டிவிட்டுத்தான் போனார். அதனால் முன்சீட்டு ஜன்னலில் எதையும் தொங்கவிடாதீர்கள். இவருடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டேன். பார்க்க எப்படியிருந்தாலும் வேலை செய்தது.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பி பதினொன்றரைக்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். மூன்றரைக்கு மேல் மறுபடி எடுக்கலாம். நடுவில் சாப்பாடு, தூக்கம். நிழலில் நிறுத்தும்போது வேப்ப மரம், புங்க மரம் எதுவானாலும் சரி, தென்னை மட்டும் வேண்டாம். எங்கள் வேகன் ஆரின் கூரையில் ஒரு குழி இருக்கிறது. யாராவது விசாரித்தால் இவர் பேச்சை மாற்றிவிடுவார்.

இவருக்குச் சர்க்கரை உண்டு. அதனால் மற்ற எல்லாம் முன்னே பின்னே ஆனாலும் பன்னிரண்டரை மணிச் சாப்பாடு மட்டும் தவறக்கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் மருந்தைக் காருக்குள் விட்டுவிட்டுக் கோயில் பார்க்கப் போய்விடாதீர்கள். மூடிய கார் அரை மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். நிறுத்துகிற இடத்திலெல்லாம் கையோடு எடுத்துப் போக ஒரு சின்னப் பை, அதில் கொஞ்சம் குளுக்கோஸ் பொடி. சர்க்கரை சட்டென்று இறங்கினால் கடையைத் தேடிக்கொண்டு ஓட முடியாது.

வண்டியும் சண்டையும்

வண்டியைப் பற்றி ரொம்பச் சொல்வதற்கில்லை. கிளம்புவதற்கு முன் ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோரும் நாலு சக்கரத்துக்குப் பிடித்துவிட்டு ஐந்தாவதை மறந்துவிடுகிறார்கள். பாஸ்டேக்கில் பணம், ஒரு இழுவைக் கயிறு, ஐந்து லிட்டர் சாதாரணத் தண்ணீர். அந்தத் தண்ணீர் குடிக்க இல்லை, முன்கண்ணாடிக்கு. கடற்காற்று கண்ணாடியில் மெல்லிய உப்புப் படலத்தை ஏற்றிவிடும். அதன் மேல் தண்ணீர் இல்லாமல் வைப்பரை ஓட்டினால் எதிர்வெயிலில் ஒன்றுமே தெரியாது. முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.

கழிவறை விஷயத்தைப் பெண்கள் யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை, நான் எழுதிவிடுகிறேன். பெட்ரோல் பங்கில் கழிவறை, குடிதண்ணீர், டயருக்குக் காற்று மூன்றும் இலவசம். பெட்ரோல் போட்டால்தான் என்றில்லை. பூட்டியிருந்தால் சாவி கேளுங்கள், தயங்க வேண்டாம். டேங்க் பாதியாக இருக்கும்போதே பெரிய பங்காகப் பார்த்து நிறுத்தினால் இரண்டு வேலையும் முடிந்துவிடும். சீர்காழிக்குத் தெற்கே பங்கு வரும்போதெல்லாம் நிறுத்துவது என் வழக்கம்.

சண்டைக்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பாட்டு ஓட்டுகிறவர் விருப்பம், வழி பக்கத்தில் இருப்பவர் பொறுப்பு. வழி தப்பினால் ஓட்டுகிறவர் வாய் திறக்கக்கூடாது. அதேபோல ஒரு நாளைக்கு ஆளுக்கு ஓரிடம் தேர்ந்தெடுக்கலாம், மற்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் கூட வர வேண்டும். எனக்கு இடிந்த கோட்டை என்றால் உயிர், இவருக்குக் கோயில். டீக்கடை இந்தக் கணக்கில் வராது. டீக்கடையைத் தாண்டிப் போக இவரால் முடியாது.

முதல் நாள்: மாமல்லபுரம், ஆலம்பரை, புதுச்சேரி

ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஆறு, ஆறேகாலுக்கு மாமல்லபுரம். கடற்கரைக் கோயில் ஆறு மணிக்கே திறந்துவிடும். இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. பெரிய சன்னதி கிழக்கே கடலைப் பார்த்து இருப்பதால் விடியும்போது கல் மஞ்சளாகித் தெரியும் பத்து நிமிடம் ஒன்று உண்டு. அதற்காகத்தான் அந்த ஐந்து மணி. வாங்கிய சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், ஐந்து ரதத்துக்கும் அதேதான். அருச்சுனன் தபசை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டு இட்லி சாப்பிடப் போகலாம்.

வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா வரும். நல்ல இடம், ஆனால் விடியற்காலையில் திறந்திருக்காது, செவ்வாய்க்கிழமை விடுமுறை வேறு. அதை இந்தப் பயணத்தில் நுழைக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இருக்கிறது. உள்ளே போனால் அவர்களுடைய கல்லறைகள், கல்லில் பூவேலை செய்தது போலச் செதுக்கியவை. அரை மணி நேரம் போதும். கடப்பாக்கத்தில் இடக்கைப் பக்கம் திரும்பினால் ஆலம்பரை. உப்பங்கழி ஓரத்தில் செங்கல் சுவர்கள் பாதி நின்றும் பாதி விழுந்தும் கிடக்கின்றன. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, பத்து வருடத்தில் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய கோட்டை. என் பங்குக்கு நான் தேர்ந்தெடுத்த இடம் அதுதான். வண்டியை மணலில் மாட்டவைத்ததும் நான்தான்.

மணலில் சக்கரம் சிக்கினால் என்ன செய்வது என்று அன்றைக்கு அங்கிருந்த ஒரு மீன்காரத் தம்பி சொல்லிக்கொடுத்தார். நான் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டிருந்தது. "அக்கா, மிதிக்காதீங்க, மொதல்ல எறங்குங்க" என்றார். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் இருந்த மணலைக் கையாலேயே அள்ளினார். வழக்கமாக 30 வைக்கிற முன்சக்கரங்களில் காற்றைப் பாதிக்குக் கொஞ்சம் மேல் இருக்கும்வரை இறக்கினார். காற்று குறைந்தால் டயர் அகலமாகப் படிந்து மணலைப் பிடித்துக்கொள்ளுமாம். சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம்தான் இழுக்கிறது என்பதால், காருக்குள் கிடந்த மிதியடிகளை அவற்றின் பின்பக்கம் செருகி, பின்கியர் போட்டு, வந்த தடத்திலேயே மெதுவாக எடுக்கச் சொன்னார். முன்னே போக முயற்சி செய்யக்கூடாது. முன்னால் எவ்வளவு மணல் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, பின்னால் கெட்டித் தரை இருப்பது தெரியும். மூன்றாவது முயற்சியில் வெளியே வந்தது. கெட்டிச் சாலைக்கு வந்ததும் மெதுவாக ஓட்டிப் போய் முதல் வேலையாகக் காற்றைத் திரும்பப் பிடியுங்கள். காற்றில்லாத டயரில் வேகம் போகக்கூடாது. அந்தத் தம்பி பணம் வாங்க மறுத்துவிட்டார். இவர் நாலு டீ சொன்னார்.

மரக்காணத்தில் சாலையோரத்தில் உப்பளங்கள். வெள்ளை மேடுகளின் மேல் ஓலை போர்த்தியிருப்பார்கள். ஐந்து நிமிடம் நிறுத்துங்கள், கறுப்புக் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மறந்துவிட வேண்டும். ஒருவழித் தெருக்களில் சுற்றினால் இருவருக்கும் பேச்சு வார்த்தை நின்றுவிடும். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டிகள் கிடையாது. இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் அங்கே போய் நடுச்சாலையில் நடங்கள். பெட்ரோல் தமிழ்நாட்டைவிட விலை குறைவு, காரைக்காலிலும் அப்படியே. இரண்டு ஊரிலும் நிரப்பிக்கொள்ளலாம். மது பாட்டில் விஷயத்தில் அந்த ஆசை வேண்டாம், எல்லைச் சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள்.

இரண்டாம் நாள்: அலையாத்தி, ஆடவல்லான், தரங்கம்பாடி

ஆறு மணிக்குக் கிளம்பி நேராகப் பிச்சாவரம். விசைப்படகு வேண்டாம், அது அகலமான கால்வாயோடு சரி. துடுப்புப் படகுதான் அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு நடுவே குனிந்து போகிற சந்துகளுக்குள் நுழையும். படகுக்காரரிடம் அவசரமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதி வழி திறந்த வெயில், தொப்பி இல்லாமல் ஏறாதீர்கள். முடித்துவிட்டுச் சிதம்பரம் வந்தால் உச்சிக்காலத்துக்குள் நடராசரைப் பார்த்துவிடலாம். பன்னிரண்டுக்கு நடை சாத்தினால் திறக்கச் சாயங்காலமாகும். இந்தச் சாலையில் எல்லாக் கோயில்களுக்கும் மதியம் என்றால் பூட்டுதான், அதைக் கணக்கில் வைத்தே நாளைப் பிரியுங்கள். வேட்டியும் புடவையும் பெட்டியின் அடியில் இல்லாமல் மேலாக இருக்கட்டும்.

மூன்றரைக்கு எடுத்தால் பூம்புகாருக்கு ஐந்து மணிவாக்கில் போய்ச் சேரலாம். காவிரி கடலில் கலக்கிற இடம். பழைய பட்டினம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, அந்த எதிர்பார்ப்போடு போகாதீர்கள். ஆனால் ஜோடியாகப் போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டிப் போகக்கூடாது என்பது என் கட்சி. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குக் கிளம்பியது இங்கிருந்துதான், அதுவும் விடிவதற்கு முன்பே. வெயிலுக்கு முந்திக் கிளம்ப வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. பயணத்தில் நகை எடுத்துப் போகாதீர்கள் என்பதற்கும் அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இருட்டுவதற்குள் தரங்கம்பாடி. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு ஊரில்தான் தங்கலாம் என்றால் நான் இங்கே தங்குவேன். 1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனியர்கள் கட்டிய கோட்டை கடலுக்கு எதிரே நிற்கிறது. 1706-ல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியது இந்தக் கரையில்தான். இங்கே அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1718-ல் அவர் கட்டிய தேவாலயம் இன்னும் வழிபாட்டில் இருக்கிறது. 1845-ல் டேனியர்கள் எல்லாவற்றையும் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஊரே ஒரு தெருதான், அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306-ல் கட்டியது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. விடியற்காலையில் அங்கே போய் உட்கார்ந்தால், அலைச்சத்தம் கோயிலுக்கு உள்ளிருந்து வருவது போல இருக்கும். கோட்டையும் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் எங்களுக்குள் அன்றைக்குத் தகராறே இல்லை.

மூன்றாம் நாள்: வேதாரண்யம் வரை

சின்ன நாள். காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டி வரும். நாகூர் தர்காவின் உயர்ந்த மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர். 131 அடி. அங்கே இறால் வைத்துச் சுடுகிற வாடா கிடைக்கும், சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும். வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

கடலில் இறங்குவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் பல இடங்களில் நாலடி தள்ளினாலே ஆழம், அலை திரும்பிப் போகும்போது காலுக்குக் கீழிருக்கும் மணலையும் சேர்த்து இழுக்கும். முழங்காலுக்கு மேல் போகாதீர்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் இறங்கலாமா என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

வேதாரண்யம் போகும் வழியில் சாலைதான் எச்சரிக்கை. அறுவடைக் காலத்தில் நெல்லும் உளுந்தும் தார்ச்சாலை மேலேயே காயும், சுற்றி வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். பகலில் ஒதுங்கிப் போய்விடலாம். இரவில் அந்தக் கல் தெரியாது. இருட்டிய பின் சூடான தாரில் மாடுகளும் வந்து படுத்துக்கொள்ளும். ஆறரைக்கு மேல் இந்தப் பக்கம் வண்டி ஓட்டுவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

முன்கூட்டிப் பணம் கட்டிய அறை ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏசி ஓடவில்லை, தண்ணீர் உப்பு, பணத்தைத் திருப்பித் தரவும் மாட்டேன் என்றார்கள். அப்புறமிருந்து சின்ன ஊர்களில் நேரில் போய், குழாயைத் திறந்து பார்த்து, மின்விசிறியைப் போட்டுப் பார்த்துத்தான் முன்பணம் கொடுக்கிறோம். இருவருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

நாலாம் நாள்: வெளிமானும் மனோராவும், ஒரு தூக்கமும்

விடிந்ததும் கோடியக்கரை. போகிற வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்தே வந்து உப்பு அள்ளிய இடம். சரணாலயத்தில் வெளிமான்கள் கூட்டமாக மேயும். மாசி என்பது பூநாரைகளுக்குக் கடைசிப் பந்தி மாதிரி. நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் வந்தால் அதிகம் பார்க்கலாம். எங்களுக்குத் தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தது, அது பூநாரைதான் என்று இவர் சொன்னார், நானும் ஒத்துக்கொண்டேன். இங்கே சில இடங்களில் போன் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

2018 மாசியில் நாங்கள் பார்த்த தோப்புகள் பல அந்த வருடமே நவம்பர் 16-ல் கரையேறிய கஜா புயலில் விழுந்துவிட்டன. வேதாரண்யத்திலிருந்து அதிராம்பட்டினம் வரை முன்பு நிழலாக இருந்த இடங்களில் இப்போது இளந்தென்னை. சாலையோர நிழலை நம்பி மதிய ஓய்வைத் திட்டமிடாதீர்கள்.

மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடி இரண்டாம் சரபோஜி மன்னர் 1814-ல் எழுப்பிய எட்டு நிலைக் கோபுரம். எங்கேயோ நடந்த சண்டைக்கு மல்லிப்பட்டினத்தில் கோபுரம்! கடற்காற்று நன்றாக வரும். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க நல்ல இடம்.

அங்கேதான் நான் தப்பு செய்தேன். தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரைதான் கடல் அடிக்கடி எட்டிப் பார்க்கும். முதல் தடவை நான் அத்தனை பேசியது அந்தப் பகுதியைப் பற்றித்தான். அதற்காகவே ஸ்டியரிங்கை நான் வாங்கிக்கொண்டு இவரை இடப்பக்கம் உட்காரவைத்தேன். வயிறு நிறையப் புளியோதரையும் வறுத்த வஞ்சிரமும். கோட்டைப்பட்டினம் வருவதற்குள் குறட்டை. தொண்டி போனது, திருப்பாலைக்குடி போனது. "ஏங்க, கடல்!" என்று நான் கத்தும்போதெல்லாம் கண்ணைத் திறந்து "ம்" என்றார். ஐம்பத்தொரு வயதில் எட்டுப் போட்டு லைசன்ஸ் வாங்கியது இதற்குத்தான். ஆகவே சாப்பாட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள், அல்லது சாப்பாட்டைக் குறையுங்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம் என்கிற நவக்கிரகக் கற்களைப் பார்க்கும்போது விழித்துவிட்டார். அது அவர் தேர்வு.

ஐந்தாம் நாள்: பாம்பனும் தனுஷ்கோடியும்

முதல் நாள் இரவு இராமநாதபுரத்தில் தங்கினால் விடிகாலையில் கிளம்பத் தோன்றும். ஒன்றைக் கவனியுங்கள். இதுவரை தெற்கே போன சாலை இங்கே கிழக்கே திரும்புகிறது. ஆறரையிலிருந்து எட்டரை வரை சூரியன் நேராக ஓட்டுகிறவர் கண்ணில். ஒன்று, விடிவதற்குள் பாம்பனைத் தாண்டுங்கள், இல்லையென்றால் இரண்டாவது டீ குடித்துவிட்டு ஒன்பது மணிக்குப் போங்கள். சாயங்காலம் திரும்பும்போதும் இதே தொல்லை, மேற்கே பார்த்து. வேகமாக வருகிற பஸ்ஸும் எதிர்வெயிலும் சேர்ந்தால் பாலம் விளையாட்டு இல்லை.

சாலைப் பாலம் 1988-ல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல். பக்கத்திலேயே 1914-ல் திறந்த பழைய ரயில் பாலமும், கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்புகிற, 2025-ல் திறந்த புதிய பாலமும். பாலத்தின் நடுவில் எல்லோரும் காரை நிறுத்துகிறார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள். முனையில் விட்டுவிட்டு நடைபாதையில் நடந்து வாருங்கள். போகும்போது ஒருவர் ஓட்டட்டும், வரும்போது மற்றவர். அப்போதுதான் இருவருக்கும் ஒரு முறையாவது பாலம் முழுசாகக் கிடைக்கும்.

இராமேசுவரத்துக்கு முன் தனுஷ்கோடியை முடித்துவிடுங்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சாலை 2017-ல்தான் திறந்தது. பங்கு கிடையாது, நிழல் கிடையாது. தண்ணீரும் பெட்ரோலும் நிரப்பிக்கொண்டு போக வேண்டும். இருட்டுவதற்குள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ரயிலோடு சேர்த்து ஊர் போனது. தேவாலயத்தின் சுவரும் ரயில் நிலையத்தின் தூண்களும் மணலில் நிற்கின்றன. அங்கே குடிசை போட்டிருக்கும் ஒரு அம்மா, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டி ஊறிய தண்ணீரைக் கையில் ஊற்றினார். உப்பே இல்லை.

இந்தச் சாலையில் மட்டும் இடம், வலம் என்ற தகராறு கிடையாது. இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் குளம் மாதிரிக் கிடக்கும், மறுபக்கம் சீறும். ஊர்க்காரர்கள் ஒன்றைப் பெண் கடல், மற்றதை ஆண் கடல் என்கிறார்கள். காற்று திசை மாறினால் எது சாது, எது முரடு என்பதும் மாறிவிடுமாம். "வீட்டிலும் அப்படித்தானே" என்றார் இவர். முனையில் இறங்கிக் குளிக்கக்கூடாது, இரண்டு நீரோட்டமும் மோதுகிற இடம்.

இராமேசுவரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடுவதாக இருந்தால் மாற்றுத்துணி கையில் இருக்கட்டும், ஈரத்துணியோடு சன்னதிக்குப் போக முடியாது. போனை அறையிலேயே வைத்துவிடுங்கள்.

ஊர் திரும்பும் முன் இராமநாதபுரத்தில் ஒரு சர்வீஸ் கடையில் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். மேலே பளபளவென்று துடைத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், அடியில் ஒட்டிய உப்பும் மணலும்தான் துருவுக்குக் காரணம். பக்கத்தில் நின்று பார்த்து வாங்க வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இவர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். "தொண்டி வரைக்கும் நான் ஓட்டறேன், இப்ப கடல் என் பக்கம்" என்றார். நான் இடப்பக்கம் ஏறிச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.